பவுலின் உடன்வேலையாட்கள்: மயிலாடுதுறையில் நடக்கும் ஒரு வேதபாட வகுப்பைப் பற்றிய மதிப்புரை

சம்பா அறுவடை முடிந்து, மேட்டூர் அணை திறப்பதற்கு முந்தைய பங்குனி, சித்திரை மாதங்களில், மயிலாடுதுறையில் ஓர் ஆலயத்தை ஒட்டிய கூடத்தில் சனிக்கிழமை மாலைதோறும் ஒரு வேதபாட வகுப்பு நடக்கிறது. ஆதித் திருச்சபையின் ஊழியத்தில், இயேசுவின் நற்செய்தியை ஊர் ஊராகப் பரப்பிய அப்போஸ்தலரான பவுலோடு சேர்ந்து உழைத்தவர்கள் யார், அவர்கள் என்ன வேலை செய்தார்கள், அந்த உழைப்பை அவர்கள் எவ்வாறு பகிர்ந்துகொண்டார்கள் என்பதே அதன் பொருள். கட்டணம் 300 ரூபாய். அச்சிட்ட குறிப்பேடும் மாலைத் தேநீரும் அதில் அடக்கம். வகுப்பை நடத்துகிறவர்கள் தங்கள் பெயரையோ சபையின் பெயரையோ வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை இங்கே குறிப்பிடவில்லை. முழு வகுப்பிலும் அமர்ந்து கேட்டவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காவிரிப் படுகையில் ஞாயிறு பள்ளி நடத்துபவர்களும், சபை மூப்பர்களும், காணிக்கைக் கணக்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர்களும் தவறாமல் சேர வேண்டிய வகுப்பு இது. ஆனால் ஒரு பாடத்தை அடியோடு மாற்றி அமைக்காமல் அடுத்த ஆண்டு இதை நடத்தக் கூடாது என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல விரும்புகிறேன்.

பவுலைப் பற்றிய வகுப்பு என்றாலே அவரை மனம் மாற்றிய, தமஸ்கு வழியில் தோன்றிய ஒளியில்தான் தொடங்கும் என்று எதிர்பார்ப்போம். இங்கே தொடக்கம், ரோமருக்குப் பவுல் எழுதிய நிருபத்தின், அதாவது கடிதத்தின், பதினாறாம் அதிகாரம். பெரும்பாலோர் வாசிக்காமல் கடந்துபோகும் வாழ்த்துப் பட்டியல் அது. கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாளில் தொடங்கி இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பவுல் அங்கே பெயர் சொல்லி அழைக்கிறார். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் தன் உயிருக்காகத் தங்கள் கழுத்தையே கொடுத்தவர்கள் என்கிறார். மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் ஆகிய பெண்களின் பிரயாசத்தைத் தனித்தனியாகச் சொல்கிறார். ரூபுவின் தாயைத் தனக்கும் தாய் என்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதிய தெர்தியு, தானும் வாழ்த்துவதாக இடையில் ஒரு வரி சேர்க்கிறார். இத்தனை பேரையும் முதல் நாளே நம் முன்னால் நிறுத்தியது ஆசிரியர்கள் எடுத்த மிகச் சரியான முடிவு. அதன் பிறகு பவுல் தனி மனிதராக நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

வகுப்பை இருவர் சேர்ந்து நடத்துகிறார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற போதகர். மற்றவர் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியை. போதகர் வேதபகுதியை விளக்க, அக்காலத்துச் சாலைகள், கப்பல்கள், தொழில்கள், சட்டங்கள் பற்றி ஆசிரியை விளக்குகிறார். ஒருவர் பேச்சை மற்றவர் மறிப்பதில்லை. ஆனால் போதகர் ஒரு செய்தியை மிகைப்படுத்திச் சொன்னபோது, "ஐயா, அது அப்போஸ்தலர் நடபடிகளில் இல்லையே" என்று ஆசிரியை மரியாதையோடு சுட்டிக்காட்டினார். அவரும், "ஆமாம்மா, அது பிற்கால மரபு" என்று உடனே ஒப்புக்கொண்டார். வேதத்தில் உள்ளதையும் மரபில் வந்ததையும் இவ்வளவு நேர்மையாகப் பிரித்துக் காட்டும் வகுப்புகள் நம் பகுதியில் குறைவு. பவுலின் இளம் உடன்வேலையாளான தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபங்களைப் பவுலே எழுதினாரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

கடிதம் கொண்டு செல்வதைப் பற்றிய பாடம் எளிமையானது, ஆனால் பல கதவுகளைத் திறந்தது. ரோமப் பேரரசின் அஞ்சல் ஏற்பாடு அரசு வேலைக்கு மட்டுமே உரியது. தனியார் கடிதம் அனுப்ப வேண்டுமானால் அந்தத் திசையில் செல்லும் நம்பகமான ஒருவரைத் தேட வேண்டும். கொரிந்துவின் கிழக்குத் துறைமுகமான கெங்கிரேயாவிலிருந்து ரோமருக்கான நிருபத்தைக் கொண்டு சென்றவர் பெபேயாளாக இருக்கலாம் என்று பலர் கருதுவதும், கொலோசெயருக்கான நிருபம் தீகிக்குவின் பொறுப்பில் சென்றதும் அந்தப் பின்னணியில்தான் பொருள்படுகின்றன. தீகிக்கு வெறும் கடிதக்காரர் அல்லர். பவுலின் நிலைமையை எல்லாம் நேரில் விளக்கிச் சொல்லவும், சபையாரின் மனங்களைத் தேற்றவும் அனுப்பப்பட்டவர். அப்படியானால் கடிதத்தைச் சபையில் வாசித்தவர் யார், கேள்வி எழுந்தபோது பதில் சொன்னவர் யார் என்று ஆசிரியை கேட்டதும் கூடம் முழுவதும் பேச்சு எழுந்தது. அன்று பேசாதவர் எவருமில்லை.

வகுப்பின் சிகரம் எப்பாப்பிரோதீத்துவைப் பற்றிய பாடம். பிலிப்பி சபையார் சிறையிலிருந்த பவுலுக்குப் பண உதவி அனுப்பினார்கள். அதைக் கொண்டு சென்றவர் இவர். பவுல் அப்போது ரோமாபுரியில் இருந்தார் என்பது மரபு; எபேசுவிலோ செசரியாவிலோ இருந்திருக்கலாம் என்போரும் உண்டு. இரண்டையும் சொல்லிவிட்டு, ரோமாபுரி என்றே கொண்டால் அந்தப் பயணம் எத்தகையது என்பதை வரைபடத்தில் காட்டினார்கள். பிலிப்பி, எக்னாத்தியா என்னும் பெருஞ்சாலையில் இருந்த ஊர். மக்கெதோனியாவைக் கடந்து அத்ரியா கடற்கரையை அடைந்து, கப்பலேறி இத்தாலியின் கரையில் இறங்கி, அங்கிருந்து ஆப்பியா சாலை வழியாக ரோமாபுரிக்குப் போக வேண்டும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. மடியில் மற்றவர்களின் பணம். சாவுக்கு அருகில் கொண்டுபோன நோய் அவரைப் பிடித்தது. தாம் வியாதிப்பட்டதை ஊரார் கேள்விப்பட்டார்கள் என்பதற்காக அவர் வருந்தினார் என்று பவுல் எழுதுகிறார். தம் நோயைவிட, தம்மைப் பற்றிய ஊராரின் கவலை அவரை அதிகமாக வாட்டியது.

இதற்குப் பவுல் செய்தது என்ன என்பதில்தான் போதகர் நீண்ட நேரம் நின்றார். சகோதரன், உடன்வேலையாள், உடன்சேவகன், உங்கள் ஸ்தானாபதி, என் குறைவில் எனக்கு உதவியவர் என்று அடுக்கடுக்காகச் சொல்லி, முழுச் சந்தோஷத்தோடு அவரை ஏற்றுக்கொள்ளுங்கள், இப்படிப்பட்டவர்களைக் கனம்பண்ணுங்கள் என்று எழுதி அவர் கையிலேயே கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறார். வேலை முடியுமுன் திரும்பிவிட்டான் என்று ஊரில் யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்ற கவனம் அந்த வரிகளில் இருக்கிறது என்பது போதகரின் விளக்கம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. உழைத்தவரின் பெயரைக் காப்பாற்றும் கடமை அனுப்பியவருக்கும் உண்டு, பயன்பெற்றவருக்கும் உண்டு. நம் படுகையில் கிராமம் கிராமமாக மிதிவண்டியில் சென்று, ஆலய மணியை அடித்து, பிள்ளைகளுக்கு எழுத்தும் பாட்டும் கற்பித்து, சாவு வீட்டில் ஜெபித்து, மாதக் கடைசியில் கிடைத்த சிறு தொகையில் குடும்பம் நடத்திய உபதேசியார்கள் எத்தனை பேர்! ஆலயச் சுவர்க் கல்வெட்டுகளில் அடிக்கல் நாட்டியவர் பெயரும் திறந்து வைத்தவர் பெயரும்தான் இருக்கின்றன. அந்தப் பாடம் முடிந்ததும், தங்கள் ஊரில் ஊழியம் செய்த உபதேசியார்களின் பெயர்களை எழுதித் தருமாறு ஆசிரியை தாள் ஒன்றைச் சுற்றுக்கு விட்டார். திரும்பி வந்தபோது இருபுறமும் நிறைந்திருந்தது.

இதற்கு இணையாகச் சொல்ல வேண்டியது எருசலேம் சபைக்கான நிதியைப் பற்றிய பாடம். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம், ஒன்பதாம் அதிகாரங்களை நம் பிரசங்கிகள் காணிக்கை ஞாயிறன்று மட்டுமே எடுப்பது வழக்கம். அதுவும் உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார் என்ற வரியோடு நின்றுவிடும். பணத்தை யார் கொண்டு போவது என்ற பகுதிக்கு யாரும் போவதில்லை. பவுல் அந்தப் பணத்தைத் தனியாகத் தொட மறுக்கிறார். தன் உடன்வேலையாளான தீத்துவை அனுப்புகிறார், அவரோடு சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனை அனுப்புகிறார், பலமுறை சோதித்து அறிந்த இன்னொருவரையும் சேர்க்கிறார். பெரிய தொகையைக் கையாளும்போது எவரும் குற்றம் சொல்ல இடம் இருக்கக் கூடாது. கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனிதருக்கு முன்பாகவும் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது அவர் தரும் காரணம். என்னை நம்புங்கள், நான் அப்போஸ்தலன் என்று அவர் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கூட்டு ஊழியம் என்பதன் கடினமான பாதி இதுதான் என்று நான் நினைக்கிறேன். சேர்ந்து பாடுவதும் சேர்ந்து ஜெபிப்பதும் எளிது. நம் கையிலிருக்கும் பணப்பையை இன்னொருவர் எண்ணிப் பார்க்க இடம் கொடுப்பது எளிதல்ல. வகுப்பில் பல ஆண்டுகள் சபைப் பொருளாளராக இருந்த பெரியவர் ஒருவர், இந்தப் பகுதியை ஒவ்வொரு பொதுக்குழுவின் தொடக்கத்திலும் வாசிக்க வேண்டும் என்றார். அதை நான் முழுமனதோடு வழிமொழிகிறேன்.

ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியைப் பற்றிய பாடமும் நன்றாக அமைந்தது. கிலவுதியு பேரரசர் யூதர்களை ரோமாபுரியைவிட்டு வெளியேற்றியபோது கொரிந்துவுக்கு வந்த கூடாரத் தொழிலாளர்கள் அவர்கள். அதே தொழில் தெரிந்த பவுல் அவர்கள் வீட்டில் தங்கி வேலை செய்தார். அப்போது அகாயாவில் அதிபதியாக இருந்த கல்லியோனைக் குறிப்பிடும் கல்வெட்டு கிரேக்கத்தின் தெல்பியில் கிடைத்திருப்பதால், பவுலின் கொரிந்து வாசத்தைக் கி.பி. 50–52 அளவில் வைக்க முடிகிறது. அவருடைய வாழ்க்கையில் இவ்வளவு உறுதியாகக் காலம் சொல்லக்கூடிய இடங்கள் அரிது. ரோமாபுரி, கொரிந்து, எபேசு, மீண்டும் ரோமாபுரி என்று ஊர் மாறிக்கொண்டே இருந்த அந்தக் குடும்பம், சென்ற இடமெல்லாம் வீட்டைச் சபைக்குத் திறந்து வைத்தது. நாவன்மை மிக்க அப்பொல்லோவைத் தனியே அழைத்துப் போய் நிதானமாகக் கற்பித்தது. பல இடங்களில் மனைவியின் பெயரே முதலில் வருகிறது என்பதை ஆசிரியை எடுத்துச் சொன்னபோது முன்வரிசைப் பெண்கள் உடனே தங்கள் வேதாகமத்தைப் புரட்டிச் சரிபார்த்தார்கள்.

அப்பொல்லோவைத் தொட்டதும் கொரிந்து சபையின் கட்சிப் பிரிவினை வந்தது. நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று பிரிந்து நின்றவர்களுக்கு, நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச் செய்தார் என்று பவுல் பதில் எழுதினார். பொறையாறு பக்கத்திலிருந்து வந்திருந்த விவசாயி ஒருவர் எழுந்து, கடைமடைக்காரனுக்கு இந்த வசனத்தை விளக்க வேண்டியதில்லை, மேலே மதகைத் திறப்பவரும், வாய்க்காலைத் தூர் வாருபவரும், தன் முறை முடிந்ததும் மடையை அடைப்பவரும் சரியாக இருந்தால்தான் எங்கள் நடவுக்குத் தண்ணீர் வரும் என்றார். அதற்கு மேல் அந்த வசனத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆசிரியர்களும் அடுத்த பகுதிக்குச் சென்றுவிட்டார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். பவுலும் பர்னபாவும் பிரிந்ததைப் பற்றிய பாடம் அவசரமாக முடிந்துவிட்டது. பம்பிலியாவின் பெர்கேயில் தங்களைவிட்டுத் திரும்பிப்போன மாற்கை மீண்டும் அழைத்துச் செல்வதா வேண்டாமா என்பதில் இருவருக்கும் கடுமையான பிணக்கு ஏற்பட்டு, பர்னபா மாற்கோடு சீப்புருவுக்கும் பவுல் சீலாவோடு சீரியா, சிலிசியா பக்கமும் போனார்கள். இதனால் ஒரு குழு இரண்டாயிற்று, எல்லாம் நன்மைக்கே என்று சொல்லி முடித்தது எனக்கு ஏற்புடையதாக இல்லை. எருசலேமில் எல்லாரும் பவுலைக் கண்டு அஞ்சியபோது கைப்பிடித்து அழைத்துச் சென்றவர் பர்னபா. தர்சுவுக்குத் தேடிப்போய் அவரை அந்தியோகியாவுக்குக் கூட்டி வந்தவரும் அவரே. அப்படிப்பட்டவரோடு ஏற்பட்ட பிரிவு எவ்வளவு வலித்திருக்கும்! யார் பக்கம் நியாயம் என்று, அப்போஸ்தலர் நடபடிகளை எழுதிய லூக்கா சொல்லாமல் விட்டதை அப்படியே நம் முன்னால் வைத்திருக்க வேண்டும். மாற்கைக் கூட்டிக்கொண்டு வா, அவன் ஊழியத்தில் எனக்குப் பயனுள்ளவன் என்று பின்னாளில் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும் வரி, அந்தப் பிரிவின் கனத்தை உணர்ந்தவருக்கே முழுமையாகப் புரியும். அதே பக்கத்தில்தான் உடன்வேலையாள் தேமா கைவிட்டுப்போன செய்தியும், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரும்படியான வேண்டுகோளும் இருக்கின்றன. இவற்றை எல்லாம் சேர்த்து ஒரு மாலை முழுவதும் பேசியிருக்கலாம்.

இதைவிடப் பெரிய குறை பிலேமோன் பாடத்தில் உள்ளது. மாற்ற வேண்டும் என்று தொடக்கத்தில் நான் சொன்னது இதைத்தான். ஒநேசிமு ஓர் அடிமை. எஜமான் பிலேமோனைவிட்டுப் பிரிந்திருந்த அவரைப் பவுல் திருப்பி அனுப்புகிறார். அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள், அவன் உனக்குக் கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வைத்துக்கொள் என்று எழுதுகிறார். வகுப்பில் இதை மன்னிப்பைப் பற்றிய இனிய கதையாக மட்டும் சொன்னார்கள். ரோமச் சட்டத்தில் அடிமை ஒரு சொத்து என்பதும், தப்பியவன் பிடிபட்டால் கடுமையான தண்டனை காத்திருந்தது என்பதும் குறிப்பேட்டில் ஒரு வரியில் முடிந்துவிட்டன. தஞ்சை மண்ணில் இந்த நிருபத்தை இவ்வளவு மென்மையாக வாசிக்க முடியாது. பண்ணையாள் முறையில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த உழைப்பாளிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு தருவதற்கென்றே 1952ஆம் ஆண்டு தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வரலாற்று ஆசிரியை இருந்தும் இது ஒரு சொல்லாகக்கூட வராதது எனக்கு மன வருத்தம் தந்தது. பவுல் பிலேமோனிடம் விடுதலையைக் கட்டளையாகச் சொல்லாமல் அன்பின் பேரில் கேட்டது போதுமா என்ற கேள்வியை இளைஞர் ஒருவர் எழுப்பினார். நேரமில்லை என்று அதை ஒத்தி வைத்தார்கள். அந்தக் கேள்விக்கு நேரம் ஒதுக்கத்தான் வேண்டும். கூட்டு ஊழியம் என்று பேசும்போது ஒருவர் எஜமானாகவும் மற்றவர் அடிமையாகவும் ஒரே பந்தியில் அமர முடியுமா என்பதைத் தவிர்த்துவிட்டு எதைப் பேசுவது?

கடைசியாகத் தரங்கம்பாடிக்கு ஒரு நாள் பயணம். கோடை வெயிலில் நடுப்பகலில் கடற்கரையில் நிறுத்தி உரை நிகழ்த்தியதைத் தவிர்த்திருக்கலாம், முதியவர்கள் சோர்ந்துபோனார்கள். பயணத்தின் உள்ளடக்கம் மட்டும் மிக நேர்த்தியானது. 1706 ஜூலை 9 அன்று ஜெர்மானிய லுத்தரன் மிஷனெரிகளான சீகன்பால்கும் புளூட்சோவும் வந்து இறங்கியதையும், 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியதையும், 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்ததையும் சொல்லிவிட்டு, சீகன்பால்குக்குத் தமிழ் கற்பித்தவர் யார் என்ற கேள்விக்குப் போதகர் வந்தார். உள்ளூர்த் திண்ணைப் பள்ளி வாத்தியார் ஒருவரின் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகியவர் சீகன்பால்கு. அவரோடு உழைத்த கிருண்ட்லர், 1733இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன், தஞ்சை அரசரின் படையில் இருந்து பின்னர் உபதேசியாராக உழைத்த ராஜநாயக்கன் என்று ஒவ்வொருவராக அவர் சொல்லிக்கொண்டே போனபோது, முதல் நாள் வாசித்த வாழ்த்துப் பட்டியல் முதல் நூற்றாண்டோடு முடிந்துவிடவில்லை என்பது தெளிவாகியது. 1719இல் மறைந்த சீகன்பால்கின் கல்லறை அந்த ஆலயத்தின் உள்ளேயே இருக்கிறது.

குறிப்பேட்டைப் பற்றிச் சில சொற்கள். எழுத்து பெரிதாக இருப்பதால் முதியவர்களும் வாசிக்கலாம். ஆனால் வரைபடம் மிகச் சிறியது, ஊர்ப்பெயர்கள் மங்கித் தெரிகின்றன. பெயர்கள் எல்லாம் பழைய மொழிபெயர்ப்பின்படியே உள்ளன. கத்தோலிக்க நண்பர்கள் சிலரும் வந்திருந்தார்கள். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பை வைத்திருந்த அவர்கள் பெயர்களைத் தேடி அடையாளம் காணச் சிரமப்பட்டார்கள். இரு மொழிபெயர்ப்பிலும் உள்ள பெயர்களை எதிரெதிரே அச்சிட்ட ஒரு பக்கம் சேர்த்தால் போதும். கூடத்தில் மின்விசிறிகள் நன்றாக இயங்கின. ஒலிபெருக்கிதான் பின்வரிசைக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. சீர்காழி, பொறையாறு பக்கம் திரும்ப வேண்டியவர்களுக்காக வகுப்பை உரிய நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். ஒரு நாளும் பேருந்து தவறிவிடுமோ என்று யாரும் பதற வேண்டியிருக்கவில்லை.

அடுத்த ஆண்டு வகுப்புக்குத் தை மாதம் முதல் பெயர் பதிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். சேர விரும்புகிறவர்கள் வருவதற்கு முன் ரோமர் பதினாறாம் அதிகாரத்தையும் பிலேமோன் நிருபத்தையும் வாசித்துவிட்டு வருவது நல்லது. பிலேமோனுக்கு இரண்டு மாலைகள் ஒதுக்க வேண்டும் என்று பின்னூட்டத் தாளில் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களும் முதல் நாளிலேயே அதைக் கேட்டால், ஆசிரியர்கள் இருவரும் நிச்சயம் செவிகொடுப்பார்கள்.